புலி வருது

மூன்று மாதத்துக்கு முன்னால் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். அம்மாவுக்கு 78 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. டாக்டர் பத்து வருஷப் பழக்கம். உள்ளே நுழைந்தவுடன், "என்னம்மா, மாம்பழ சீஸன்ல என்னை ஏமாத்திட்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். அம்மா வெட்கப்பட்டுச் சிரிப்பாள். பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும்.

இந்த முறை மேஜையில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர். ஆஸ்பத்திரி நிர்வாகம் வைத்தது. டாக்டர் முக்கால்வாசி அதன் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அம்மா, சிகரெட் பிடிப்பீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய கிட்னி படத்தைப் பார்த்தேன்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. இதுக்கு பதில் போடலைன்னா அடுத்த பக்கம் போக மாட்டேங்குது."

"எங்க வீட்டுக்காரர் பிடிச்சார். அவரும் பையன் பொறந்ததும் விட்டுட்டார்" என்றாள் அம்மா, மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு.

மது உண்டா, அலர்ஜி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. 'மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?' என்று ஒரு கட்டம் வந்ததை நான் பக்கவாட்டில் பார்த்தேன். அதில் 'ஆம்' என்று ஏற்கெனவே டிக் அடித்தே இருந்தது. நேரம் மிச்சம் பண்ண யாரோ செய்த ஏற்பாடு. டாக்டர் அதைத் தாண்டிப் போய்விட்டார். பிரஷர் பார்த்தார். "கொஞ்சம் ஏறியிருக்கு. இன்னொரு மாத்திரை சேர்க்கறேன்." பிரிண்டர் சீட்டைத் துப்பியது. கிளம்பிவிட்டோம்.

ஆட்டோ பாலத்தில் ஏறும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அந்த ராத்திரி மாத்திரையை நான் ஒரு மாசமாப் போடறதில்லைடா. போட்டா எழுந்து நிக்கும்போது தலை சுத்துது."

"டாக்டர்கிட்ட சொல்லலியா?"

"அவர் எங்க என்னைப் பார்த்தார்? ஏதோ முக்கியமா டைப் அடிச்சிட்டிருந்தார். தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்."

ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன்.

நினைத்துப் பாருங்கள். மாத்திரை போடாததால் ஏறிய பிரஷர். மாத்திரை போட்டும் ஏறியதாக நினைத்து எழுதிய இரண்டாவது மாத்திரை. அம்மா பயந்துபோய் இரண்டையும் சேர்த்து விழுங்கியிருந்தால், ஒரு நாள் நடு ராத்திரி பாத்ரூம் வாசலில்... மிச்சத்தை எழுத எனக்கு மனசில்லை.

விஷயத்தைக் கேட்ட டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மாவை நிற்க வைத்து இன்னொரு முறை பிரஷர் பார்த்தார். சீட்டைக் கிழித்துப் போட்டு மருந்தை மாற்றி எழுதினார். பிறகு என்னிடம் சொன்னார்: "இந்த ரூம்ல நாம மூணு பேர்தான் இருக்கோம்னு நினைக்கறீங்க இல்லையா? தப்பு சார். இன்ஷூரன்ஸ்காரர் இருக்கார். அக்கவுண்ட்ஸ் இருக்காங்க. நாளைக்குக் கேஸ் போட்டா வர்ற வக்கீல் இருக்கார். ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாடியும் ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். அவங்களுக்கெல்லாம் பதில் சொல்லி முடிச்சாத்தான் அம்மா பக்கம் திரும்ப முடியும்."

இது நம் ஊர் டாக்டர் ஒருவரின் புலம்பல் மட்டும் இல்லை. கம்ப்யூட்டரை ஆஸ்பத்திரிக்குள் முழுசாகக் கொண்டுபோன அமெரிக்காவில் 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. 57 டாக்டர்களை 430 மணி நேரம் பக்கத்திலேயே இருந்து கவனித்திருக்கிறார்கள். நோயாளியின் முகம் பார்த்து அவர்கள் செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், கம்ப்யூட்டரிலும் மேஜை வேலையிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போயிருக்கிறது. அதற்கு நான்கு வருஷம் முன்னால், 2012-ல், அங்கே ஒரு பிரபல மருத்துவ இதழில் 7 வயதுச் சிறுமி வரைந்த கிரேயான் படம் ஒன்று வெளியானது. டாக்டரைப் பார்க்கப் போன நாளை வரைந்திருந்தாள். அவள் இருக்கிறாள், அக்கா இருக்கிறாள், கைக்குழந்தையோடு அம்மா இருக்கிறாள். டாக்டரும் இருக்கிறார்... எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி. குழந்தை குறையாக எதையும் வரையவில்லை. டாக்டர் என்றால் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்திருக்கிறாள்.

என் நண்பர் ஒருவருடைய பையன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கான சாஃப்ட்வேர். கெட்டிக்காரன், நல்ல பையன். அம்மா கதையை அவனிடம் சொன்னேன். வருத்தப்பட்டான்.

"நீ எப்பவாவது ஒரு வார்டுல போய் நின்னு பார்த்திருக்கியா?"

"இல்ல அங்கிள். எங்களுக்கு என்னென்ன வேணும்னு லிஸ்ட் வரும். அதை வெச்சு எழுதுவோம். ஆனா தப்பு நடக்கற இடத்திலெல்லாம் வார்னிங் வெச்சுடுவோம். அதையும் மீறி டாக்டர் ஓகே அடிச்சா, அது அவர் பொறுப்புதானே?"

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. எச்சரித்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்துவிடுகிறதா?

2013 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்ததைப் பார்ப்போம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆஸ்பத்திரி. உலகத் தரம் என்று நாம் வாய் பிளக்கும் இடம். 16 வயதுப் பையன் ஒருவன், அபூர்வமான ஒரு பரம்பரை நோய் உள்ளவன், குடல் பரிசோதனைக்காக அட்மிட் ஆகியிருந்தான். தொற்று வராமலிருக்க அவன் வழக்கமாகப் போடும் ஆன்டிபயாடிக் ஒன்று உண்டு. ஒரு வேளைக்கு ஒரு மாத்திரை, 160 மில்லிகிராம்.

பையனின் எடை 38.6 கிலோ. 40 கிலோவுக்குக் கீழே இருந்தால், 'கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்' என்றுதான் மருந்து எழுத வேண்டும் என்பது அங்கே விதி. இளம் டாக்டர் கிலோவுக்கு 5 என்று போட்டார். கணக்கு 193 மில்லிகிராம் என்று வந்தது. மாத்திரையோ 160. வித்தியாசம் அதிகம் என்பதால், இன்னொரு விதிப்படி மருந்தாளுநர், 'திரும்ப 160 என்று போடுங்கள்' என்று டாக்டருக்குச் செய்தி அனுப்பினார். டாக்டர் 160 என்று தட்டினார். ஆனால் அந்தக் கட்டம் இன்னும் 'கிலோவுக்கு' என்ற நிலையிலேயே இருந்தது. கிலோவுக்கு 160, பெருக்கல் 38.6. மொத்தம் 6,176 மில்லிகிராம்.

ஒரு மாத்திரைக்குப் பதிலாக முப்பத்தெட்டரை மாத்திரை.

கம்ப்யூட்டர் சும்மா இருக்கவில்லை. டாக்டரை எச்சரித்தது. அன்றைக்கு வந்த பத்தோடு பதினொன்றாக அதையும் தள்ளிவிட்டார். மருந்தாளுநரையும் எச்சரித்தது. அவரும் தள்ளிவிட்டார். மருந்தகத்தில் இருந்த ரோபோ முப்பத்தெட்டரை மாத்திரைகளைப் பிழையில்லாமல் எண்ணிப் பாக்கெட் போட்டது. கொடுக்க வந்த நர்ஸ் வழக்கமாக வேலை பார்க்கும் வார்டு அது இல்லை. இத்தனை மாத்திரையா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. பார் கோடைக் காட்டிச் சரிபார்த்தார். டாக்டர் எழுதியதும் கையில் இருப்பதும் ஒன்றுதான் என்று கருவி சொன்னது. கருவியே சொல்கிறதே என்று கொடுத்துவிட்டார். பையன் சின்ன வயதிலிருந்து மாத்திரைகளோடு வளர்ந்தவன். அத்தனையையும் விழுங்கினான். சில மணி நேரத்தில் வலிப்பு வந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

இதை மூடி மறைக்காமல், அதே ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ராபர்ட் வாக்டர் என்ற மருத்துவர் 2015-ல் ஒரு புத்தகத்தில் விரிவாக எழுதினார். சம்பந்தப்பட்டவர்கள் அவரிடம் மனம் திறந்து பேசினார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகமும் சம்மதித்தது. இதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

யாருடைய தப்பு? டாக்டர், மருந்தாளுநர் இருவர் கண்ணிலும் எச்சரிக்கை பட்டது, இருவரும் கவனிக்கவில்லை. கேஸ் முடிந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் இன்னும் இரண்டு விவரங்களைக் கேளுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர்களிடம் வரும் மருந்துச் சீட்டுகளில் கிட்டத்தட்ட பாதிக்கு ஏதாவது ஓர் எச்சரிக்கை எழுந்துகொண்டிருந்தது. அளவு இம்மியளவு கூடினால் என்ன எச்சரிக்கைப் பெட்டி வருமோ, அதே மாதிரிப் பெட்டிதான் 39 மடங்கு கூடினாலும் வந்தது. அதே ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அந்த வருஷம் மார்ச் மாதம் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு படுக்கைக்கு, ஒரு நாளைக்கு, காதில் விழும்படி அடித்த அலாரங்கள் மட்டும் 187.

சின்ன வயதில் நாம் எல்லோரும் கேட்ட கதை ஒன்று உண்டு. ஆடு மேய்க்கும் பையன் 'புலி வருது, புலி வருது' என்று கத்துவான். ஊரே கம்பும் கையுமாக ஓடி வரும். பையன் சிரிப்பான். நிஜமாகவே புலி வந்த அன்று யாரும் வரவில்லை. இந்தக் கதையைக் கேட்ட எந்தக் குழந்தையாவது ஊர்க்காரர்களைத் திட்டியிருக்கிறதா? 'பையன்தான் கத்தினானே, அதையும் மீறி வராமல் இருந்தது அவர்கள் பொறுப்புதானே' என்று சொன்னதுண்டா? தப்பு பையனுடையது என்று நான்கு வயதிலேயே நமக்குத் தெரிகிறது.

ஆஸ்பத்திரியில் மட்டும் கதையைத் தலைகீழாகப் படிக்கிறோம். நாளெல்லாம் கத்திய பெட்டி தப்பித்துக்கொள்கிறது. ஓடி ஓடிக் களைத்த டாக்டரும் நர்ஸும் கூண்டில் நிற்கிறார்கள்.

எச்சரிக்கை இரண்டு வகை. ஒன்று, கேட்பவரைக் காப்பாற்ற. இன்னொன்று, சொல்பவரைக் காப்பாற்ற. இரண்டாவது வகையை நமக்கு நன்றாகத் தெரியும். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் ஒருவர் மூச்சு விடாமல் படிப்பாரே, அது. தியேட்டர் பார்க்கிங்கில், 'வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று தொங்குமே, அது. உங்கள் வண்டி தொலையாமல் இருக்க அந்தப் போர்டு எதுவும் செய்யாது. தொலைந்தால் நிர்வாகம் தூங்கலாம். பார்க்கிங்கில் அது சின்ன அயோக்கியத்தனம். மருந்துச் சீட்டில் அதுவே உயிர் விவகாரம்.

விமானத்தில் எப்படி என்று பாருங்கள். மேலே நிற்கும் சக்தியை விமானம் இழக்கப் போகிறது என்றால், பல விமானங்களில் பைலட் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுத் தண்டே அவர் கையில் கிடுகிடுவென்று நடுங்கும். கவனிக்காமல் இருக்கவே முடியாது. எல்லாவற்றுக்கும் அது நடுங்கிக்கொண்டிருந்தால், பைலட் அதையும் பிடித்து அடக்கிக்கொண்டு காபி குடிப்பார். ஆகவே எதற்குக் கத்துவது என்பதைவிட, எதற்கெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். அதற்குத் தைரியம் வேண்டும். ஓர் எச்சரிக்கையை எடுத்துவிட்டு நாளைக்கு ஏதாவது நடந்தால், 'ஏன் எடுத்தாய்?' என்று கேட்பார்கள். ஆயிரம் எச்சரிக்கைகளைச் சேர்த்ததற்காக யாரையும் யாரும் கேட்பதில்லை.

'அப்படியானால் கம்ப்யூட்டரே வேண்டாம், பழையபடி பேனாவே போதும்' என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. பேனா காலத்தையும் பார்த்திருக்கிறோம். டாக்டர் கையெழுத்தைப் படிக்க மருந்துக் கடைக்காரருக்கு மட்டும் ஏதோ ஞானக்கண் உண்டு என்று ஜோக் அடித்தோம். அந்தக் கண்ணும் சில சமயம் ஏமாந்திருக்கிறது. மருந்துச் சீட்டைப் புரியும்படி, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுங்கள் என்று 2016-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதியையே திருத்த வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மருத்துவத் தவறுகளால் ஆஸ்பத்திரிகளில் வருஷத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று 1999-ல் ஓர் அறிக்கை வந்து நாட்டையே உலுக்கியது. அதற்கு மருந்தாகத்தான் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார்கள். மருந்து சரிதான், கொடுத்த விதத்தில்தான் கோளாறு.

2002-ல் பிட்ஸ்பர்க் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மருந்து எழுதுவதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். அதற்கு முன், கவலைக்கிடமான குழந்தை ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே டாக்டர்கள் மருந்தை எழுதித் தயாராக வைத்துவிடுவார்கள். புதிய முறையில் குழந்தை வந்து சேர்ந்து, பெயரைப் பதிவு செய்த பிறகுதான் எழுத முடியும். பேப்பரில் சில நொடியில் முடிந்த வேலைக்கு, மவுஸில் சுமார் பத்து சொடுக்கு, ஒன்றிரண்டு நிமிஷம். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் 2.80 சதவிகிதத்திலிருந்து 6.57 ஆனதாக அந்த ஆஸ்பத்திரி டாக்டர்களே 2005-ல் எழுதினார்கள். கம்ப்யூட்டர் மட்டும்தான் காரணமா என்று நிபுணர்கள் சண்டை போட்டார்கள். சியாட்டில் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காரர்கள் சண்டைக்குப் போகவில்லை. பிட்ஸ்பர்க்கில் என்ன நடந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். அவசரத்துக்கு வேண்டிய மருந்துகளை முன்கூட்டியே தொகுத்து வைத்துக்கொண்டு அதே கம்பெனியின் சாஃப்ட்வேரைப் போட்டார்கள். அங்கே இறப்பு கூடவில்லை.

'பதிவு செய்யாத நோயாளிக்கு மருந்து எழுதக் கூடாது' என்பது அலுவலக அறையில் உட்கார்ந்து பார்த்தால் மிக ஒழுங்கான விதி. ஆம்புலன்ஸ் வாசலில் நின்று பார்த்தால்தான் அதன் கொடூரம் தெரியும். எங்கே நின்று பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சரியான இடத்தில் நின்று பார்த்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் சூ கின்னிக். கன்சாஸ் மாநிலத்தில், முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரியில் நர்ஸ். 1992-ல் வெளியூர் போனபோது எடுத்த வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கடைப் பையன் ஒரு சின்னக் கருவியைக் காரின் மேல் காட்டினான், கணக்கு முடிந்தது. காருக்கு இப்படிச் செய்ய முடியும் என்றால், தவறான மருந்து தவறான ஆளுக்குப் போகாமல் இருக்க ஏன் செய்யக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. நோயாளியின் கைப்பட்டையிலும் மருந்திலும் பார் கோடு. அந்த யோசனை அவருடைய ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து, பிறகு முன்னாள் ராணுவத்தினருக்கான மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியது. இராப்பகலாக மருந்து டிரேயைத் தூக்கிக்கொண்டு அலைந்த நர்ஸுக்குத்தான் இது தோன்றும். அந்தப் பார் கோடுதான் சான் ஃபிரான்சிஸ்கோவில் முப்பத்தெட்டரை மாத்திரைக்கும் 'சரி' சொன்னது என்பதையும் மறந்துவிட வேண்டாம். கருவி கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நர்ஸின் மனசில் எழுந்த, 'இத்தனையா?' என்ற கேள்விக்கு அதில் கட்டம் இல்லை.

நண்பர் பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, நீ எழுதற சாஃப்ட்வேர் டாக்டரோட கவனத்தைச் செலவு பண்ணுது. அது உன் காசு இல்லை. டாக்டர் காசும் இல்லை. அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறவனோட காசு. ஒவ்வொரு பெட்டியும் வைக்கறதுக்கு முன்னாடி, 'இது அவனைக் காப்பாத்தவா, என்னைக் காப்பாத்தவா?'ன்னு கேட்டுக்கோ. அதுக்கு ஒரு நாளாவது வார்டுல போய் நில்லு." அவன் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "லீவு போட்டுத்தான் அங்கிள் போகணும். ப்ராஜெக்ட்ல அதுக்கு மணி கணக்கு இல்லை" என்றான். அவனைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

இதெல்லாம் அமெரிக்கச் சமாசாரம் என்று இருந்துவிடவும் முடியாது. 2021 செப்டம்பரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தை நாடு முழுமைக்கும் தொடங்கியது. ஆளுக்கொரு 14 இலக்க ஹெல்த் எண். நல்ல காரியம்தான். பழைய ரிப்போர்ட்டுகளை மஞ்சள் பையில் சுமந்துகொண்டு அலைய வேண்டாம். ஆனால் அந்த எண்ணுக்குள் என்னென்ன கட்டங்கள் இருக்கும், எதில் 'ஆம்' தானாக விழும் என்பதை யாரோ எங்கோ முடிவு செய்வார்கள். அந்த மேஜையைச் சுற்றி உட்காருகிறவர்களில் ஒரு நர்ஸாவது இருக்க வேண்டும் என்று நாம் கேட்கலாம். அதற்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

போன வாரம் மறுபடி டாக்டரிடம் போனோம். அந்தத் தானியங்கி 'ஆம்' இன்னும் அப்படியே இருக்கிறது. எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாராம், பரிசீலனையில் இருக்கிறதாம். ஆனால் மானிட்டர் ஓரத்தில் ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டை ஒட்டியிருந்தார். தன் கையெழுத்தில், 'முதலில் கேள்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து எனக்கே படிக்க முடிந்தது.

கேட்டார். அம்மா சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகுதான் கம்ப்யூட்டர் பக்கம் போனார். போட்டு முடித்ததும் திரையை அம்மா பக்கம் திருப்பி, "சரியா இருக்கான்னு பாருங்கம்மா" என்றார்.

அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எனக்கே ஓரிடத்தில் பொறுமை போய்விட்டது.

"உயரம் 165-ன்னு போட்டிருக்கு. நான் எங்க டாக்டர் அவ்ளோ உயரம்?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். பத்து வருஷமாக எங்களுக்குத் தெரிந்த பழைய டாக்டர், ஒரு நிமிஷம் திரும்பி வந்த மாதிரி இருந்தது.